முந்தானையில் இருந்த கடல்

எனக்கு எழுபத்தாறு வயது ஆகிறது. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தாவது யார் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

நான் கையெழுத்துப் போடுவேன். பஸ் பலகையில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எண்கள் எல்லாம் அத்துப்படி. அதற்கு மேல் படிப்பு கிடையாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் பேத்தி தேன்மொழி. பேச்சு என்னுடையது, எழுத்து அவளுடையது. அந்தக் காலத்து ராஜாக்களும் இப்படித்தான் ஆள் வைத்து எழுதினார்களாம். அதனால் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

போன வாரம் எங்கள் தெருக் கல்யாணப் பந்திகளைப் பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டு, சொந்தக்காரர்கள் சிலர் வீட்டுக்கே சண்டைக்கு வந்துவிட்டார்கள். இந்த வாரம் கடற்கொள்ளைக்காரன் கதை. யார் வருகிறார்கள் என்று பார்க்கிறேன்.

இது பல வருஷத்துக்கு முந்தி நடந்தது. அன்றைக்கு அமாவாசை. ஆரணியில் அமாவாசைக்குத் தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் சடக் சடக்கென்று கேட்டுப் பழகிய காதுக்கு, அன்றைக்குத் தெரு ஊமையாகப் போனமாதிரி இருக்கும். சமையலை முடித்துவிட்டு, பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பட்டுப் புடவையை எடுத்தேன். அதன் முந்தானையைப் பிரித்து, கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் இருந்த ஜன்னல் கம்பியில் துணிக் கிளிப்பால் மாட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கப்பலை நகர்த்தினேன்.

சாப்பாட்டுக்கு வந்த என் கடைசிப் பிள்ளை கருணா, வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

“இன்னாம்மா இது? பட்டுப் புடவையப் போயி கம்ப்யூட்டராண்ட காயப் போட்டுகினு?”

“காயப் போடலடா. வழி பாத்துகினு இருக்கேன்.”

“எங்க போறதுக்கு வழி?”

“மாங்காய்த் தீவுக்கு.”

அவன் தட்டை எடுத்துக்கொண்டு தானே சோறு போட்டுக்கொண்டான். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டிய முகம். ஒன்றும் ஆகவில்லை. அந்த முந்தானையில் ஒரு கடல் இருந்தது. அது அங்கே வந்த கதையைச் சொன்னால்தான் உங்களுக்கும் புரியும்.

எள்ளளவு கப்பல்

அந்த அமாவாசைக்கும் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் போக வேண்டும். அப்போது நாங்கள் கூட்டுக் குடும்பம். நான், என் வீட்டுக்காரர், பிள்ளைகள், என் கொழுந்தன் மூர்த்தி, அவன் பெண்சாதி சுலோச்சனா. எல்லாருக்கும் ஒரே அடுப்பு.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது மூர்த்திக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. மாமியார் படுத்த படுக்கை. குளிப்பாட்டியது, பள்ளிக்கூடம் அனுப்பியது, அம்மை போட்டபோது வேப்பிலையால் வருடிவிட்டது எல்லாம் நான்தான். அவன்தான் எனக்கு முதல் பிள்ளை. ஐந்து என்று நான் சொன்ன கணக்கு இப்போது சரியாக இருக்கும்.

மூர்த்தி வேலூரில் போய் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடக் கற்றுக்கொண்டு வந்தான். பெங்களூரிலிருந்து யாரோ பழசாக விற்ற ஒரு பெட்டியை வாங்கிவந்து பின்கட்டு அறையில் வைத்தான். அதற்கு மேலே மூட ஒரு துணி, வெள்ளிக்கிழமையானால் கற்பூரம். செருப்புக் காலோடு யாரும் அந்த அறைக்குள் போகக்கூடாது.

அந்தப் பெட்டிக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. விற்றவன் அழிக்க மறந்துவிட்டான். அதைக் கண்டுபிடித்தது சுலோச்சனா.

சுலோச்சனா பத்தாவது பாஸ். எங்கள் வீட்டில் அதுவே பெரிய படிப்பு. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகச் சிவப்பும் பச்சையும் பென்சிலால் நிரப்பி டிசைன் போட அவளை விட்டால் ஆளில்லை. மூர்த்தி கம்ப்யூட்டரில் போடும் டிசைனையும் கடைசியில் அவள்தான் தாளில் ஏற்றித் தருவாள்.

ஒரு மத்தியானம் ஆண்கள் காஞ்சிபுரம் போயிருந்தார்கள். சுலோச்சனா சமையற்கட்டுக்கு வந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, ஜல்தியா வா. பொட்டிக்குள்ள ஒரு கடல் கீது.”

போய்ப் பார்த்தால் நீல நிறத்தில் திரை. அதில் எள்ளளவு ஒரு கப்பல். அந்தக் கப்பலுக்கு நாம்தான் தலைவன். ஊர் ஊராகப் போக வேண்டும், எதிரிக் கப்பலைப் பிடிக்க வேண்டும், புதையல் தேட வேண்டும். கீபோர்டில் எண் கட்டைகளை அழுத்தினால் கப்பல் திரும்பும். எண் எனக்குத் தெரியுமே!

சுலோச்சனாவுக்கு ஓட்ட வரவில்லை. காற்று எதிரே வரும்போதும் நேராகவே போகப் பார்ப்பாள். கப்பல் அங்கேயே நிற்கும். எனக்கு அது சுலபமாக இருந்தது. விடிகாலையில் தெருவில் பாவு விரித்து நூலைச் சரி செய்யும் வீட்டில் பிறந்தவள் நான். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கன்னத்தை வைத்தே சொல்லிவிடுவோம். இல்லாவிட்டால் இழையெல்லாம் சிக்கலாகிவிடும். காற்று எதிர்த்தால் சாய்ந்து போ, பிறகு இந்தப் பக்கம் சாய்ந்து வா. அவ்வளவுதான் கப்பல்.

ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர் கவர்னர் பேசுவது எழுத்தாக வரும். இங்கிலீஷ். அதை அவள் படிப்பாள். நான் ஓட்ட, அவள் படிக்க. ஒருத்தி மட்டும் உட்கார்ந்தால் அந்த ஆட்டம் நகராது.

“கவர்னர் இன்னாடி சொல்றாரு?”

“‘வாம்மா வா, பயணம் எல்லாம் சவுக்கியமா, வெயில்ல வந்திருக்க, ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போ’ன்றாரு.”

“நல்ல மனுஷன்.”

“அவரு நல்லவரு. பொண்டாட்டிதான் சரியில்ல போல. மூஞ்சே சொல்லுதே.”

கப்பலுக்குக் காமாட்சி என்று பெயர் வைத்தோம். ஆண்கள் இல்லாத மத்தியானங்களிலும், அமாவாசையில் அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிறகும் காமாட்சி புறப்படும்.

சுலோச்சனாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்போது அவளுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியிருந்தன, பிள்ளை இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி ‘விசேஷம் உண்டா?’ என்பதுதான். காய்கறிக்காரி கூடக் கேட்பாள். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் கவர்னர் கேட்பார், அதுவும் மோர் வேண்டுமா என்று.

இத்தனைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. எங்கள் ஊர் ஆற்றிலேயே மணல்தான் அதிகம். பிறகு ஒரு தரம் குடும்பத்தோடு மாமல்லபுரம் போனபோது, அலையில் கால் நனைத்துக்கொண்டே நான் முதலில் கேட்டது, “தீவெல்லாம் எங்கடி?” என்றுதான். சுலோச்சனா சிரித்த சிரிப்பில் ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

மயில் இருந்தால் நல்ல ஊர்

கடல் பெரிசு. எந்த ஊர் எங்கே இருந்தது என்று மறந்து மறந்து போகும். திரையில் ஊர்ப் பெயர் இங்கிலீஷில் இருக்கும், எனக்கு ஒன்றுக்கும் உதவாது.

அதற்குச் சுலோச்சனா ஒரு வழி செய்தாள். டிசைன் போடும் கிராஃப் தாள்களை முந்தானைக்கு ஒட்டுவதுபோலவே ஒட்டி, அதில் கடற்கரையைக் கோடாக இழுத்தாள். நான் படிக்க மாட்டேன் என்பதால், ஊர்ப் பெயருக்குப் பதிலாகப் புட்டா போட்டாள். எங்கள் புடவைப் பூக்கள் எனக்குத் தெரியாதா? மயில் இருந்தால் நல்ல ஊர், தைரியமாகப் போகலாம். யாளி இருந்தால் பீரங்கி வைத்திருக்கிறான், ஒதுங்கிப் போ. மாங்காய் இருந்தால் உடைந்த கப்பலைச் சரி செய்யலாம். சக்கரம் இருந்தால் புதையல் பற்றித் துப்புக் கிடைக்கும்.

எல்லாம் சிவப்பிலும் பச்சையிலும், கட்டம் பிசகாமல். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. வினை அங்கேதான் வந்தது.

அட்டை குத்தியவர்

ஜரிகைப் பூ புடவையில் எப்படி விழுகிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிராஃப் தாளில் இருக்கும் படத்தைப் பார்த்து, நீள நீள அட்டைகளில் ஓட்டை குத்துவார்கள். அட்டையைத் தறிக்கு மேலே மாட்டினால், ஓட்டை எப்படியோ அப்படிப் பூ விழும். அட்டை குத்துபவர் தாளில் என்ன இருக்கிறதோ அதைத்தான் குத்துவார். இது மயிலா, மாடா என்று அவர் கேட்க வேண்டியதில்லை.

ஒரு நாள் மூர்த்தி பஸ்ஸுக்கு அவசரமாகக் கிளம்பினான். போகிற போக்கில் மேஜைமேல் இருந்த முந்தானைத் தாளைச் சுருட்டி அட்டை குத்துபவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவன் எடுத்தது முந்தானைத் தாள் இல்லை. எங்கள் கடல்.

குத்தியாயிற்று. தறியில் ஏற்றியாயிற்று. எங்கள் தறியில் புடவையின் முகம் கீழே பார்த்தபடிதான் ஓடும், நெய்கிறவனுக்கு முதுகுப் பக்கம்தான் தெரியும். நெய்தவன் கூலிக்கு வந்த புதுப் பையன். நவீன டிசைன் என்று நினைத்துக்கொண்டான். பாவு முடிந்து புடவைகளை அறுத்து, வாங்கிப் போக வந்த புடவைக் கடைக்காரர் எதிரில் பாயில் விரித்தபோதுதான் எல்லாரும் பார்த்தோம்.

தகதகவென்று ஜரிகையில், கோணல் மாணலாகக் கடற்கரை. இங்கொரு மயில், அங்கொரு யாளி, எங்கோ ஒரு மாங்காய்.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார்.

“இன்னாடா மூர்த்தி இது? முந்தானையா, எறும்பு ஊர்ந்த தடமா?”

மூர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை. “நான் குடுத்தது இது இல்லண்ணா. அட்டையில கோளாறு.”

“பேஜாரு புடிச்சவனே, அட்டையா தானா கோளாறு பண்ணிக்கும்?”

அட்டை குத்துபவரை வரச் சொன்னார்கள். வயதானவர். வாசலிலேயே நின்று கையைப் பிசைந்தார். “குடுத்த தாளத்தாங்க குத்தினேன். வேற இன்னா பண்ணுவேன்?” என்றார். இனி இவருக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்று கடைக்காரர் சொல்ல ஆரம்பித்தார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். சுலோச்சனா என் பின்னால். அவள் என் முந்தானையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. நான் முன்னால் போனேன்.

“அவரு மேல தப்பில்ல. அது நானும் சுலோச்சனாவும் வரைஞ்ச படம். கம்ப்யூட்டர்ல கப்பல் ஆட்டம் ஆடறதுக்கு.”

 கடைக்காரர் சிரித்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். “நல்லாருக்குது மூர்த்தி! நீ கற்பூரம் காட்டற பொட்டியில பொம்பளைங்க கப்பல் உட்டுகினு கீறாங்களா?”

மூர்த்தி தலை குனிந்து நின்றான். நான் வாரிவிட்ட தலை அது.

யாரைக் கேட்டுச் சொன்னாய்

அன்று சாயங்காலம் சமையற்கட்டில் சுலோச்சனா என்னிடம் கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன்.

“உன்ன யாருக்கா சொல்லச் சொன்னது?”

“அந்தப் பெரியவரு பொழப்பு போயிடும்டி.”

“கடைக்காரரு எழுந்து போனப்புறம் நானே இவருகிட்ட பொறுமையா சொல்லியிருப்பேன். அந்தப் பெரியவருக்கும் ஒண்ணும் ஆவாம பாத்திருப்பேன். எல்லார் எதிர்லயும் என் வீட்டுக்காரரு தலையக் குனிய வச்சிட்டியே.”

“உண்மையச் சொல்றதுக்கு நேரம் பாக்கணுமா?”

“பாக்கணும்க்கா.”

ஒரே வீட்டில் இருந்தவரைக்கும் அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. மூர்த்தி ஆட்டத்தை அழித்தான், அறைக்குப் பூட்டுப் போட்டான். கொஞ்ச நாளில் அவர்கள் கோட்டை மைதானத்துக்கு அந்தப் பக்கம் தனிக்குடித்தனம் போனார்கள்.

அண்ணன் தம்பி வியாபாரத்துக்காகச் சீக்கிரமே பேசிக்கொண்டார்கள். ஆண்களுக்கு அது சுலபம். சுலோச்சனா மட்டும் என் வாசலை மிதிக்கவில்லை. பிறகு அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். குழந்தையை என் மடியில் வைத்தாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் அன்றைக்குச் சொன்னது சரி. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் சரியாக இருந்துகொண்டு தனியாகச் சாப்பிட்ட மத்தியானங்கள் நிறைய.

அந்தப் புடவைகளில் ஒன்றை, யாரோ ஒரு டாக்டரம்மா இதுமாதிரி எங்கும் பார்த்ததில்லை என்று ஆசையாக எடுத்துக்கொண்டு போனாராம். சிரித்த அதே கடைக்காரர் இன்னும் வேண்டும் என்று வந்து நின்றார். அட்டைகளை என் வீட்டுக்காரர் வெந்நீர் அடுப்பில் போட்டு வெகுநாள் ஆகியிருந்தது. இன்னொரு புடவையை நான் எடுத்து பீரோவின் அடித்தட்டில் வைத்தேன். கட்டியதில்லை.

அதே கடல், புதுத் தண்ணீர்

பிள்ளைகள் பெரியவர்கள் ஆனார்கள். கருணா கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குப் போனான். வீட்டுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஒரு நாள் ஒரு சி.டி.யைக் கொண்டுவந்தான்.

“அம்மா, நீயும் சித்தியும் ஆடுவீங்களே கப்பல் ஆட்டம், அதயே புதுசா பண்ணிகீறாங்க.”

வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவன் வேலைக்குப் போனதும் அந்த சி.டி.யைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறுநாள், போட்டுக் கொடுத்துவிட்டுப் போ என்றேன்.

திரையைப் பார்த்ததும் நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டேன். எள்ளளவு இருந்த கப்பலுக்குப் பாய்மரம், கயிறு, பலகை எல்லாம் வந்திருந்தன. தண்ணீர் வெயிலில் மினுங்கியது, சாயம் போட்ட பட்டை வாய்க்காலில் அலசும்போது மினுங்குமே அதுபோல. கப்பல் ஆட்கள் பாடினார்கள். மீன் துள்ளியது. தலைவனுக்கு முகம் இருந்தது, மீசை இருந்தது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கவர்னர் வீட்டுப் பெண்ணோடு நடனம் ஆட வேண்டுமாம். அவள் கை காட்டுகிற பக்கத்துக்கு எண் கட்டையைத் தட்ட வேண்டும். கொள்ளைக்காரனுக்கு எதற்கு நாட்டியம்? தட்டினேன், தடுக்கி விழுந்தான். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

கவர்னர் ஏதோ சொன்னார். கருணாவைப் படிக்கச் சொன்னேன்.

“‘எங்க எதிரிங்கள நீ தாக்கினதுக்கு நன்றி. கப்பலுக்கு ஆள் சேத்துக்கலாம்.’ அவ்ளோதாம்மா.”

“மோர் வேணுமான்னு கேக்கலையா?”

“மோரா? கவர்னர் ஏம்மா மோரப் பத்திப் பேசுவாரு?”

அப்போதுதான் தெரிந்தது. மோர், வெயில், பெண்டாட்டி எல்லாம் சுலோச்சனா தானாகச் சேர்த்தது. இத்தனை வருஷம் நான் மரியாதை வைத்திருந்த அந்த நல்ல மனுஷன், சுலோச்சனாவின் வாய்.

கருணாவுக்கு எப்போதும் உட்கார்ந்து படிக்க நேரமில்லை. ஊர்ப் பெயரெல்லாம் மறுபடி இங்கிலீஷ். அதனால்தான் அந்த அமாவாசையில் புடவையை எடுத்து ஜன்னலில் மாட்டினேன். கருணா வந்து திகைத்து நின்றது அன்றைக்குத்தான்.

முகமும் முதுகும்

முந்தானையைப் பார்த்து ஓட்டினால் எல்லாம் தப்பாகப் போயிற்று. மயில் இருக்கும் பக்கம் போனால் வெறும் தண்ணீர். மாங்காய்த் தீவு என்று போனால் பீரங்கியால் சுட்டான். இரண்டு தரம் கப்பல் மூழ்கியது. சுலோச்சனா தப்பாக வரைந்துவிட்டாளோ என்று அவள்மேல் கோபம்கூட வந்தது. இருக்காதே, கட்டம் பிசகாதவள் ஆயிற்றே என்றும் தோன்றியது.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கருணா, “எல்லாம் இடம் வலமா மாறி இருக்குதும்மா, கண்ணாடில பாக்கிற மாதிரி” என்றான்.

எனக்கு விளங்கிவிட்டது. முகம் கீழே பார்த்து நெய்த புடவை இது, தாளில் இருந்தது முதுகில்தான் நேராக விழும். கிளிப்பை எடுத்து முந்தானையைத் திருப்பி, முதுகுப் பக்கம் தெரிய மாட்டினேன். ஜரிகை இழைகள் அங்கங்கே தொங்கின. ஆனால் கடல் நேராகிவிட்டது. மயில் இருந்த இடத்தில் கொடி பறந்தது. மாங்காய் இருந்த இடத்தில் என் கப்பலுக்குப் புதுப் பாய் கட்டினார்கள்.

அதன்பிறகு இந்தப் புதுக் காமாட்சியைப் பிடிக்க ஆளில்லை.

ஒரு பூ மட்டும் எனக்குப் புரியவில்லை. கடலின் கிழக்கு ஓரத்தில், ஒரு வளைவுக்குள், சின்னதாக ஓர் அன்னம். அன்னத்துக்கு என்ன அர்த்தம் என்று சுலோச்சனா எனக்குச் சொன்னதே இல்லை. தாள் தொலைவதற்குச் சற்று முன்னால் போட்டிருக்க வேண்டும். அங்கே கப்பலைக் கொண்டுபோனேன். ஊர் இல்லை, கோட்டை இல்லை, புதையலும் இல்லை. காற்றுகூட மெல்லத்தான் வீசியது.

“அங்க ஒண்ணும் இல்லம்மா, சும்மா தண்ணி” என்றான் கருணா.

சுலோச்சனா சும்மா பூப் போடுகிறவள் இல்லை. இதற்குள் என் கொள்ளைக்காரனுக்கு மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது. அந்த ஆட்டத்தில் வயதாகும். வயதானால் கத்தி தூக்க முடியாது, ஒதுங்கிவிட வேண்டும். எனக்கோ, அவளிடம் போய்க் கேட்க வாய் வரவில்லை. பேச்சை நிறுத்தியவள் அவள். நான் ஏன் போய் நிற்க வேண்டும்?

நான் போகவில்லை. புடவையைத் தூது அனுப்பினேன்.

நாற்காலியின் முதுகில்

ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அந்தப் புடவையை முதல் தரமாகக் கட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் சுலோச்சனா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்து, அவளுக்கு நேர் முன்வரிசையில் உட்கார்ந்தேன். முந்தானையை உதறி, நாற்காலியின் முதுகில் நன்றாக விரித்துப் போட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வந்தார். பெண் வந்தாள். ஐயர் மந்திரம் சொன்னார். எனக்கு முதுகுதான் காதாக இருந்தது.

முந்தானை லேசாக இழுபட்டது.

“நீங்க இத இன்னும் வச்சினு இருக்கீங்களா?”

என்னை ‘நீ’ என்று கூப்பிட்டவள் ‘நீங்க’ என்கிறாள். பரவாயில்லை, பேசினாளே. நான் மணமேடையைப் பார்த்தபடியே கேட்டேன்.

“ஓரத்துல ஒரு அன்னம் போட்டிருக்கியே, அது இன்னாத்துக்கு?”

 அவள் விரல் ஜரிகைமேல் ஊர்வது எனக்குத் தெரிந்தது.

“அங்க ஒண்ணும் இல்ல” என்றாள் கடைசியில். “அந்தப் பக்கம் எதிரி வரமாட்டான். காத்தும் கம்மி. நீங்க பாதில எழுந்து உலையப் பாக்கப் போவீங்க. மாமா கூப்பிட்டா போவீங்க. அப்பல்லாம் கப்பல நான் அங்க இட்டுகினு போயிடுவேன். நீங்க வர வரைக்கும் அங்கயே சுத்திகினு இருப்பேன். எழுந்து போனா கப்பல் எங்க இருக்கும்னு உங்களுக்கும் தெரியட்டும்னு போட்டேன். சொல்றதுக்குள்ள தாளு போயிடுச்சி.”

நான் எழுந்து போய் வந்தபோதெல்லாம் கப்பல் பத்திரமாகவே இருந்திருக்கிறது. ஆட்டம் தானாக நின்று எனக்காகக் காத்திருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓட்ட வராதவள், எதிர்க் காற்றில் எப்படி அங்கே கொண்டுபோனாளோ!

கண்ணைத் துடைத்தால் பின்னால் இருப்பவளுக்குத் தெரிந்துவிடும். துடைக்கவில்லை.

“புது ஆட்டம் வந்திருக்குது. அமாவாசைக்கு வா” என்றேன்.

“வரமாட்டேன்.”

“ஏன்?”

“அன்னிக்கு நீங்க பண்ணது தப்பு.”

“தப்பில்ல.”

“அப்ப நான் வரல.”

கெட்டிமேளம் கொட்டியது. எல்லாரும் அட்சதையோடு எழுந்தார்கள். என்னால் எழ முடியவில்லை. முந்தானை அவள் கையில் இருந்தது.

“உடுடி, அட்சதை போடணும்.”

அப்போதுதான் விட்டாள்.

அமாவாசை

வந்தாள். வாசலில் செருப்பை விட்டுக்கொண்டே சொன்னாள்: “நான் ஆட்டத்துக்குதான் வந்தேன். உங்ககிட்ட பேச வரல.”

“நானும் பேசக் கூப்பிடல” என்று நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

திரையைப் பார்த்தாள். மினுங்கும் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பதுபோல விரலை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். நான் ஓட்டினேன். மயிலூர் வந்தது. கவர்னர் எழுத்தில் ஏதோ சொன்னார்.

“இன்னாவாம்?” என்றேன்.

கண்ணைச் சுருக்கிப் படித்தாள். “‘எம்மா நாள் ஆச்சி, இந்தப் பக்கமே காணோம், வீட்ல எல்லாரும் நல்லா கீறாங்களா’ன்றாரு.”

பக்கத்தில் இருந்த கருணா வாயைத் திறந்தான். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

நடனம் வந்தது. எண் கட்டைகளை அவள் பக்கம் தள்ளினேன். கட்டம் பிசகாத கை ஆயிற்றே! அந்தப் பெண் எந்தப் பக்கம் கை காட்டினாலும் இவள் விரல் முன்னாலேயே அங்கே இருந்தது. திரையில் கவர்னர் மண்டபமே கை தட்டியது. “கெய்வனுக்கு இந்த வயசுல இன்னா ஆட்டம் பாருக்கா!” என்று நரைத்த மீசைக்காரனைப் பார்த்துச் சிரித்தாள். தன்னை அறியாமல் அக்கா என்றுவிட்டாள். நான் கவனிக்காதமாதிரி கப்பலைத் திருப்பினேன்.

நடுக்கடலில் இருக்கும்போது தெருவில் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது.

சுலோச்சனாவின் முகம் மாறியது. “அவருதான். கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். யாரோ பாத்துச் சொல்லிட்டாங்க போல.”

மூர்த்தி இந்த வீட்டுக்கு வேலையாக வந்தாலும் தெருவிலேயே நின்று ஹாரன் அடிப்பான். தனிக்குடித்தனம் போனபிறகு உள்ளே வந்ததில்லை. மறுபடி அடித்தான்.

அவள் கை, பழைய நாளில் ஆண்கள் வரும் சத்தம் கேட்டால் எடுப்பதுபோலவே, மேஜையிலிருந்து விலகியது. நான் எழுந்தேன். “இரு, நான் போயி அவங்கிட்ட சொல்றேன்.”

என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“நீ சும்மா இருக்கா. இந்த வாட்டி நான் சொல்லிக்கிறேன்.”

ஜன்னலுக்குப் போனாள். தறி ஓடாத தெரு, ஊசி விழுந்தால் கேட்கும். அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

“இருங்க! நானும் அக்காவும் கப்பல் ஆட்டம் ஆடிகினு கீறோம். நடுக்கடல்ல நிக்குது. முடிச்சிட்டுதான் வருவேன்!”

எதிர் வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. யாரோ சிரித்தார்கள். சுலோச்சனா திரும்பிவந்து உட்கார்ந்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. “காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாரு” என்றாள்.

ஹாரன் மறுபடி அடிக்கவில்லை. பிறகு, ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

தேன்மொழி, இங்கே நிறுத்து. முதலிலிருந்து ஒரு தரம் படி பார்க்கலாம். உன் சின்ன ஆயா சுலோச்சனா கொஞ்ச நேரத்தில் வருவாள். அவள் சொன்னதுதான் சரி என்று எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாயா என்று எனக்குத் தெரிய வேண்டும். மெதுவாகப் படி.